கார்பன்-13 குளுக்கோஸோடு 6 வருடம்

சின்னக் கண்ணாடிக் குப்பியில் 1 கிராம் வெள்ளைப் பொடி. பார்த்தால் சாதாரண குளுக்கோஸ்தான், செல்லும் அப்படியே நினைத்துச் சாப்பிடுகிறது. ஆனால் அதன் 6 கார்பன் அணுக்களும் கார்பன்-13. கதிர்வீச்சு கிடையாது, சிதைவு கிடையாது. வழக்கமான கார்பனைவிட ஒவ்வொன்றிலும் ஒரு நியூட்ரான் கூடுதல், அவ்வளவுதான். புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை என்ன செய்கின்றன என்று பார்க்க 6 வருடமாக இதைப் பயன்படுத்துகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்பதால், எனக்குக் கைகொடுத்தது, காலை வாரியது இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

இதற்கு முன் நான் செய்தது, செல்லுக்குள் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. சிட்ரேட் (சர்க்கரை எரியும் வழியில் உருவாகும் ஒரு பொருள்) கூடியிருக்கிறது என்று தெரியும். ஏன் கூடியது என்று தெரியாது. கண்மாய் நிறைந்து கிடந்தால் வரத்து நன்றாக இருக்கிறது என்றும் சொல்லலாம், மடையைத் திறக்கவில்லை என்றும் சொல்லலாம். மட்டத்தை மட்டும் அளந்தால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. லேபிள் போட்ட கார்பனை, அதாவது கார்பன்-13 என்ற அடையாளம் தாங்கியதை, உள்ளே விட்டால், எது எந்த வாய்க்கால் வழியாக வந்தது என்று தெரிந்துவிடுகிறது.

இது பழைய யோசனைதான். 1935-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஷோன்ஹைமரும் ரிட்டன்பெர்க்கும் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை ஏற்றிய கொழுப்பை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்ட கொழுப்பு உடனே எரியும், உடம்பில் சேர்ந்த கொழுப்பு சும்மா கிடக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் டியூட்டீரியத்தின் பெரும்பகுதி சேமிப்புக் கொழுப்பில் போய்ச் சேர்ந்திருந்தது. அசையாமல் கிடப்பதாக நினைத்தது முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, வேலைக்கு வருவோம். லேபிள் போட்ட குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180 இல்லை, 186. பழைய கணக்கிலேயே எடை போட்டால் கரைசல் 3 சதவீதம் நீர்த்துப்போகும். ரத்தத்தில் இருப்பது போல 5 மில்லிமோலார் செறிவில் வைத்தால், 10 மில்லி மீடியத்துக்கு (செல் வளரும் ஊட்டக் கரைசல்) 9 மில்லிகிராம் சொச்சம் போதும். 1 கிராமில் நூறு டிஷ்ஷுக்கு மேல் போடலாம். விலையைப் பார்த்து மிரளுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

கடினமான இடம் செல்லின் இயக்கத்தைச் சட்டென நிறுத்துவதுதான். செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மாதிரியான பொருள்கள் நொடிக்கணக்கில் தீர்ந்து, மறுபடி உருவாகிக்கொண்டிருக்கும். நிதானமாகக் கழுவி, டிஷ்ஷிலிருந்து செல்லைக் கழற்றும் டிரிப்சின் நொதியைப் போட்டுப் பிரித்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால், கையில் கிடைப்பது சோதனை செய்த செல் இல்லை, பட்டினியில் தவித்த செல். நான் செய்வது இது: டிரை ஐஸைத் தட்டில் பரப்பி வைத்துக்கொள்வேன். மைனஸ் 80 டிகிரியில் வைத்த 80 சதவீத மெத்தனால் பக்கத்திலேயே இருக்கும். மீடியத்தை உறிஞ்சி, உப்புக்கரைசலால் ஒரே ஒரு தடவை அலசி, டிஷ்ஷை டிரை ஐஸில் வைத்த கையோடு மெத்தனாலை ஊற்றுவேன். எல்லாம் 10 நொடிக்குள். டிஷ்ஷின் வெளிப்புறம் பனி படிந்து வெளுக்கும். சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால், செல்கள் மெல்லிய வெண்படலமாகச் சுருண்டு ஓரத்தில் வந்து சேரும். அலசுவதற்கு பாஸ்பேட் கலந்த கரைசல் வேண்டாம், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவியில் அந்த பாஸ்பேட் தொந்தரவு கொடுக்கும். லேபிள் இல்லாத சர்க்கரையை வைத்து இதை ஒரு மாதம் பழகிவிட்டு அப்புறம் விலை உயர்ந்த பொடியைத் தொடுங்கள்.

இனி எனக்கு நேர்ந்தது. முதல் வருடம், சிட்ரேட்டில் லேபிள் மிகக் குறைவாக வந்தது. மூன்று முறை திரும்பச் செய்தும் அதே கதை. இந்தச் செல்களில் குளுக்கோஸின் கார்பன், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகவே இல்லை என்று முடிவு கட்டி, ஆய்வேட்டு அத்தியாயத்தைக்கூடத் தொடங்கிவிட்டேன். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர், நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், முடிவுகளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, மீடியத்துல வேற என்னென்ன இருக்குன்னு படிச்சியா?” குளுக்கோஸ் இல்லாத மீடியம் என்று பார்த்துத்தான் வாங்கியிருந்தோம். ஆனால் அதில் 1 மில்லிமோலார் பைருவேட் இருந்தது, லேபிள் இல்லாத பைருவேட். குளுக்கோஸ் உடைந்து, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகுமுன் ஆகும் பொருள் அதுதான். மறுபடி தரவைத் திறந்து பார்த்தேன். பைருவேட்டுக்கு முந்தைய படியான பாஸ்போஎனால்பைருவேட்டில் முக்காலே மூணு வீசம் லேபிள் ஏறியிருந்தது. பைருவேட்டில் சரேலென்று இறங்கியிருந்தது. பதில் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. பைருவேட் இல்லாத மீடியத்துக்கு மாறியதும் சிட்ரேட்டில் லேபிள் எழுந்தது, அந்த அத்தியாயத்தை அழித்து எழுதினேன். அன்றிலிருந்து ஒரு பொருளை மட்டும் பார்ப்பதில்லை, வழி நெடுகப் படிப்படியாகப் பார்க்கிறேன். மீடியத்தில் சேர்க்கும் சீரத்திலும் (ரத்தத்தின் தெளிநீர்) இதே சிக்கல் உண்டு. அதில் குளுக்கோஸ், லாக்டேட், அமினோ அமிலங்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும், சிறு மூலக்கூறுகளை வடித்து நீக்கிய, அதாவது டயலைஸ் செய்த சீரம்தான் வேண்டும்.

இந்த முறையின் அழகு எனக்கு முழுதாகப் புரிந்தது செல் சாப்பிடும் இன்னொரு உணவான குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தில்தான். மாஸ் ஸ்பெக்கின் நெகட்டிவ் மோடில் (எதிர்மின் அயனிகளை அளக்கும் முறை) சிட்ரேட்டின் நிறை 191. குளுக்கோஸிலிருந்து 2 கார்பன் வந்தால் 193. குளூட்டமினின் 5 கார்பனுக்கும் லேபிள் போட்டால், மைட்டோகாண்ட்ரியாவில் சிட்ரேட் உருவாகும் கிரெப்ஸ் சுழற்சியில் வழக்கமான திசையில் போகும்போது ஒன்று கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று, 4 மட்டும் சிட்ரேட்டுக்கு வரும்: 195. எதிர்த்திசையில் போனால் 5-ம் அப்படியே வரும்: 196. ஆக்சிஜனைக் குறைத்த செல்களில் இந்த 196 எழும்பி நின்றதைத் திரையில் பார்த்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சிட்ரேட்டின் மொத்த அளவைப் பார்த்திருந்தால் இதைக் கண்டே இருக்க முடியாது. 2012-லேயே நேச்சர் இதழில் வந்த சங்கதிதான். ஆனாலும் தன் செல்லில், தன் கையால் பார்ப்பது வேறு.

அதே 196 ஏமாற்றவும் செய்யும். அதை உண்டாக்கும் எதிர்த்திசை வினை இரு பக்கமும் ஓடக்கூடியது. கார்பன் அங்கும் இங்கும் மாறிக்கொண்டாலே லேபிள் ஏறிவிடும், நிகர ஓட்டம் எதிர்த்திசையில்தான் என்று அதை வைத்துச் சாதிக்க முடியாது. லேபிள் சதவீதத்தையே ஓட்டத்தின் வேகம் என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வேகம் வேண்டுமென்றால் செல் எவ்வளவு சர்க்கரை எடுத்தது, எவ்வளவு லாக்டேட் வெளியே விட்டது என்று மீடியத்தையும் அளந்து, கணித மாதிரியில் போட்டுக் கணக்கிட வேண்டும்.

எந்தப் பொடியை வாங்குவது என்பது கேள்வியைப் பொறுத்தது. குளுக்கோஸ் உடையும் ஒரு சுற்றுவழியான பென்டோஸ் பாஸ்பேட் பாதையைப் பார்க்க 6 கார்பனுக்கும் லேபிள் போட்டது உதவாது. முதல் இரண்டில் மட்டும் லேபிள் போட்டதை வாங்குங்கள். நேர்வழியில் வந்த லாக்டேட்டில் 2 லேபிள் இருக்கும். அந்தப் பாதையைச் சுற்றி வந்ததில் முதல் கார்பன் கழன்றுவிடுவதால் 1 தான்.

நேரத்தையும் கேள்விதான் தீர்மானிக்கும். குளுக்கோஸ் பைருவேட்டாக உடையும் கிளைக்காலிசிஸுக்குச் சில நிமிடம், கிரெப்ஸ் சுழற்சிக்குச் சில மணி நேரம், டிஎன்ஏவின் கட்டுமான அலகான நியூக்ளியோடைடுக்கு ஒரு நாள் வரைகூட ஆகலாம். இயற்கையிலேயே கார்பனில் 1.1 சதவீதம் கார்பன்-13 இருப்பதால் அதைக் கழிக்க வேண்டும். ஜிசி-எம்எஸ் (பொருளை ஆவியாக்கிப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) என்றால், ஆவியாவதற்காகச் சிலிக்கான் கொண்ட சிலைல் தொகுதியைச் சேர்ப்பதால் சிலிக்கானின் ஐசோடோப்புகளையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். மென்பொருள் செய்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் லேபிள் இல்லாத சாம்பிள் ஒன்றையும் கூடவே ஓட்டுகிறேன். திருத்தத்துக்குப் பிறகு அதில் லேபிள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் மற்ற கோப்புகளைத் திறப்பதே இல்லை.