இரட்டைப் பிளவுச் சோதனைக்குச் சிவப்பு லேசரா, பச்சை லேசரா?

தொடக்கக்கல்லூரியில் ஏ நிலை மாணவர்களுக்கு ஒளியின் குறுக்கீட்டை, அதாவது இரண்டு நுண்ணிய பிளவுகள் வழியே வரும் ஒளி ஒன்றோடொன்று கலந்து திரையில் வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் விழுவதைக் காட்ட இரண்டு வழி உண்டு: சிவப்பு ஒளி தரும் ஹீலியம்-நியான் லேசர், இல்லாவிட்டால் பச்சை லேசர் பேனா.

பார்ப்பதற்குப் பச்சைதான். பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளிதான் மிகப் பிரகாசமாகத் தெரியும்; பச்சைப் பேனாவின் 532 அதை ஒட்டி வருகிறது. எல்லா விளக்கையும் அணைக்காமலே கடைசி வரிசைவரை பட்டைகள் தெரியும். விலையும் குறைவு.

அளப்பதென்றால் நான் சிவப்புப் பக்கம். 632.8 நானோமீட்டர் என்பது நியான் அணுவே தருகிற அலைநீளம், மாறாது. பிளவுகளின் இடைவெளி 0.25 மில்லிமீட்டர், திரை 2 மீட்டர் தூரம் என்றால் பட்டைகள் சுமார் 5 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி விழும். சாதாரண அடிக்கோல் போதும். பச்சையில் அது 4.3க்குச் சுருங்கிவிடும். அப்புறம், ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்து மிகச் சிறிய தூரங்களை அளக்கும் மைக்கெல்சன் குறுக்கீட்டுமானிக்கும் இதே சிவப்பு லேசர் கைகொடுக்கும்.

பாதுகாப்பில்தான் எனக்குக் கவலை. பச்சைப் பேனாக்கள் பலவற்றுக்குள் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் இருக்கிறது. மலிவானவற்றில் வடிகட்டி இல்லாவிட்டால் அது வெளியே கசியும். கண்ணுக்குத் தெரியாததால் இமையும் மூடாது. சிங்கப்பூரில் கண்ணுக்கு ஆபத்தான அளவு திறன்கொண்ட 3பி, 4 வகை லேசர்களுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் நம்பாதீர்கள். அகச்சிவப்பையும் சேர்த்துத் திறனை அளந்த பிறகே மாணவர் கையில் கொடுங்கள்.