சனி இரவுப் பூசையா, ஞாயிறு காலையா? சின்னப் பிள்ளைகளோடு ஈஸ்டர்

வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில், ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டாலே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளைகளைச் சனிக்கிழமை இரவுப் பூசைக்குக் கூட்டிப்போவதா, விடிந்ததும் போவதா? என் மாமியாருக்கு இதில் பேச்சுக்கே இடமில்லை. "பாஸ்கா ராத்திரிக்குப் போகாம என்னடி ஈஸ்டர்?" என்பார். இயேசு உயிர்த்ததைக் கொண்டாடும் அந்தச் சனி இரவைத்தான் பாஸ்கா ராத்திரி என்கிறார். எனக்கும் வருஷத்திலேயே பெரிய இரவு அதுதான். ஆனாலும் வீட்டில் மூன்று வயதில் ஒன்று, எட்டு வயதில் ஒன்று என்று இருக்கும்போது இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

கடமை என்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. திருவிழிப்பு என்னும் இந்தச் சனி இரவுப் பூசை கண்டாலே ஞாயிறு பூசை காணும் கடன் தீர்ந்துவிடும். அந்த இரவைத் தவறவிட்டவர்கள் குற்ற உணர்வு கொள்ளவும் வேண்டாம். பிள்ளையின் மனதில் எது நிற்கும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

அந்த வகையில் இரவுப் பூசையின் முதல் அரைமணி நேரத்துக்கு ஈடே இல்லை. கோயிலில் ஒரு விளக்கு கிடையாது. வெளியே புதுத்தீ மூட்டுகிறார்கள். சாமியார் பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரியில் சிலுவை கீறி, தொடக்கமும் முடிவும் கிறிஸ்துவே என்று அகரமும் னகரமும் எழுதி, நடப்பு ஆண்டின் நான்கு எண்களையும் பொறிக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த எண்கள் ஒரு புதையல். "அம்மா, இந்த வருஷம்தான் எழுதியிருக்கு!" என்று என் மகள் என் கையைப் பிடித்து உலுக்கினாள். இயேசு எப்போதோ வாழ்ந்தவர் என்றல்ல, இந்த வருஷத்துக்கும் அவரே ஆண்டவர் என்று சொல்ல எனக்கு வேறு பாடமே தேவைப்படவில்லை. பிறகு மூன்று இடத்தில் நின்று "கிறிஸ்துவின் ஒளி" என்று பாடிக்கொண்டே உள்ளே போகிறார்கள். ஒரு திரியிலிருந்து அடுத்த திரிக்குத் தீ தாவி, கோயில் முழுக்க முகங்கள் தெரியத் தொடங்குகின்றன.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் மொத்தம் ஏழு. பங்குக் கோயிலுக்கு ஏற்ப மூன்றாகக் குறைக்கலாம் என்றாலும் இஸ்ரயேலர் செங்கடல் கடந்த வாசகத்தை விடவே கூடாது. சின்னது முதல் வாசகத்திலேயே தூங்கிவிடும். இரண்டு நாள் முன் பெரிய வியாழனிலிருந்து ஒலிக்காமல் இருந்த மணி 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது மொத்தமாக அடிக்க, தூக்கிவாரிப்போட்டு எழுந்து அழும். தண்ணீர் மந்திரித்து, ஞானஸ்நானம் கொடுத்து, பூசை முடிந்து ஆட்டோ பிடித்து வீடு வர நடுநிசி தாண்டிவிடும். மறுநாள் பண்டிகை பாதி சிணுங்கலிலேயே போகும்.

ஞாயிறு காலைப் பூசை பிள்ளைகளுக்கு இலகு. புதுச்சட்டை, பூ, பாட்டு, கூடவே நல்ல நற்செய்தி: கல்லறை காலியாக இருக்கிறதென்று மகதலா மரியா ஓடிவந்து சொல்ல, பேதுருவும் இன்னொரு சீடரும் போட்டி போட்டு ஓடுவது. ஓட்டம் என்றால் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். ஒரே குறை, பாஸ்கா திரி ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். இருட்டைப் பார்க்காத பிள்ளைக்கு அது பெரிய மெழுகுதிரி, அவ்வளவுதான்.

நடுவில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம் இருட்டு விலகும் முன்பே ஆராதனைக்குக் கிளம்பிவிடும். இருளிலிருந்து ஒளிக்கு வருவதை அங்கே சூரியனே காட்டிவிடுகிறது. விடியற்காலைப் பூசை வைக்கும் கத்தோலிக்கப் பங்கு பக்கத்தில் இருந்து, பிள்ளையும் கோழி கூவும் முன் எழுகிற ரகம் என்றால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மற்றபடி என் தீர்ப்பு இது. ஐந்து வயது வரை ஞாயிறு காலை. ஆறு ஏழுக்கு மேல், மதியம் நன்றாகத் தூங்கவைத்து, இரவுக்கு. எங்கள் வீட்டில் அவர் பெரியவளோடு இரவு போகிறார், நான் சின்னவனோடு வீட்டில் இருக்கிறேன். காலையில் எல்லோரும் சேர்ந்து போகிறோம். இரவு அவர்கள் பாட்டிலில் பிடித்துவரும் புதுத் தீர்த்தத்தால் பெரியவள்தான் தம்பி நெற்றியில் சிலுவை போடுவாள்.

அவன் இழக்கும் இருட்டை நான் வீட்டிலேயே கொடுக்கிறேன். சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முன் எல்லா லைட்டையும், டிவியையும் அணைத்துவிடுவோம். ஞானஸ்நானத்தன்று பாஸ்கா திரியில் ஏற்றிக் கொடுத்த மெழுகுதிரி பீரோவில் புடவைக்கு நடுவே இருக்கும். அதை எடுத்து அவன் பெயரைச் சொல்லி, ஞானத்தாய், ஞானத்தந்தை பெயரைச் சொல்லி ஏற்றுவோம். செங்கடல் கதையை என் வாயாலேயே சொல்வேன். பத்து நிமிஷத்துக்கு மேல் நீட்டுவதில்லை. இது பூசைக்கு மாற்று இல்லை. ஆனால் மறுநாள் கோயிலில் பெரிய திரியைப் பார்த்து "என்னோடது மாதிரியே" என்று அவன் சொல்ல வைத்தது இதுதான்.

முட்டை விஷயத்திலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பேக்கரி சர்க்கரை முட்டை பார்க்க அழகு, சிலது உள்ளே குட்டிப் பொம்மையோடு வரும். சாக்லேட் முட்டை நம் ஏப்ரல் வெயிலில் கையிலேயே கரையும். இரண்டும் வாங்கிய நிமிஷத்தோடு சரி. வீட்டில் சாயம் ஏற்றும் முட்டைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பழைய காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் முட்டை கூடாது, சேர்ந்த முட்டையெல்லாம் ஈஸ்டருக்குத்தான் வெளியே வரும். வெள்ளை முட்டையாகப் பார்த்து வாங்குங்கள். வெங்காயச் சருகோடு வேகவைத்தால் செம்பழுப்பு, மஞ்சள்தூளும் கொஞ்சம் வினிகரும் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் மஞ்சள். அதற்காகப் பிள்ளைகள் மேல் தவத்தைச் சுமத்த வேண்டாம். இறைச்சி விலக்குவதே 14 வயதிலிருந்து, ஒருசந்தி என்னும் நோன்பு 18 வயதிலிருந்துதான் கடமை.

முட்டையை ஒளித்துவைத்துத் தேடுவது இரண்டு அறை வீட்டில் ஐந்து நிமிஷ விளையாட்டு. பெரியது ஜெயிக்கும், சின்னது அழும். அதைவிட, பிரியாணித் தூக்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்து மாடிவீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அனுப்புவதையே நான் விரும்புகிறேன். ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் அந்த வீடுகளிலிருந்து வந்த பாத்திரங்கள் இப்படித்தான் நிறைந்து திரும்புகின்றன. "இயேசு சாமி உயிர்த்துட்டார், அம்மா கொடுக்கச் சொன்னாங்க" என்று சின்னவன் வாசலில் நின்று சொல்வதைக் கேட்க அவனுடைய பாட்டி கூடவே நடந்து போவார்.

துறைமுகத்திலோ மில்லிலோ ஷிப்ட் விழுந்து அப்பாவால் இரண்டு பூசைக்கும் வரமுடியாமல் போகும் வீடுகள் இங்கே உண்டு. அவர்கள் பண்டிகை கைவிட்டுப் போனதாக நினைக்க வேண்டியதில்லை. ஈஸ்டர் எட்டு நாள் பெருவிழா. திங்களோ செவ்வாயோ மாலைப் பூசைக்குக் குடும்பமாகப் போகலாம். பாஸ்கா திரி அப்போதும் பீடத்தருகே எரியும், அல்லேலூயாவும் பாடுவார்கள். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28-லேயே வருகிறது. பள்ளிப் பரீட்சை குறுக்கே வரும் வீடுகளுக்கும் அந்த வாரம் உதவும்.