ஜூலியஸ் சீசர் ஒலி நாடகம்: உயிலைக் காட்டினார்கள், மீதியை வெட்டிவிட்டார்கள்

மருந்து கம்பெனியில் ரெப் வேலை எனக்கு, பதினாறு வருஷமாக. நாளில் பாதி டாக்டர்களின் அறை வாசலில் காத்திருப்பதில் போய்விடும். உள்ளே விட்டால் மூன்று நிமிஷம் கிடைக்கும். அதற்குள் ஒருவர் மனதை மாற்றியாக வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரத்துக்காகத்தான் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ ஒலி நாடகத்தை ஒரு செயலியில் வாங்கினேன். ரோமின் தலைவன் சீசர் முடிசூடிவிடுவானோ என்று பயந்து, காசியஸும் சீசரின் நண்பன் புரூட்டஸும் சதிக்கூட்டம் சேர்த்து அவனைக் கொல்வதும், சீசரின் ஆள் ஆண்டனி மக்களைத் தூண்டிவிட்டுப் பழிவாங்குவதும்தான் கதை. ஆங்கிலம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி நடிகர், ஒன்றே முக்கால் மணி நேரம். நான்கு முறை கேட்டாயிற்று. மூன்றாம் முறைதான் ஒரு பெரிய கோளாறு பிடிபட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒலிப்பதிவு சுத்தம். கொலை நடக்கும் காட்சியில் குரல்கள் கல் சுவரில் மோதித் திரும்புவது போலவே கேட்கிறது. முதல் அங்கத்து இடியோசை மட்டும் காதைப் பிளக்கிறது, கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். சதிகாரர்கள் நள்ளிரவில் கூடும் இடத்தில் கடிகாரம் மூன்று அடிக்கும். கி.மு. 44இல் ரோமில் மணியடிக்கும் கடிகாரம் ஏது? அது ஷேக்ஸ்பியரே விட்ட பிசகு. இவர்கள் அதை மழுப்பாமல் கனமான மணியோசையாகவே போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

காசியஸ் குரல் கொடுத்தவருக்குத் தனியாக ஒரு சபாஷ். சீசர் டைபர் ஆற்றில் மூழ்கப்போய்த் தன்னை உதவிக்குக் கூப்பிட்ட கதையை புரூட்டஸிடம் சொல்கிறானே, அதைக் கத்தவே இல்லை மனிதர். பக்கத்து நாற்காலிக்காரர் வம்பு பேசுவது போல மெதுவாகச் சொல்கிறார். கத்தியிருந்தால் புரூட்டஸ் உஷாராகியிருப்பான்.

அப்புறம் அந்தக் கடிதங்கள். பல பேர் எழுதியது மாதிரி வெவ்வேறு கையெழுத்தில் காசியஸே தயாரித்து, புரூட்டஸ் வீட்டு ஜன்னல் வழியாகப் போட ஏற்பாடு செய்கிறான். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கிடமிருந்து, 1579இல் தாமஸ் நார்த் ஆங்கிலத்தில் கொண்டுவந்த நூல் வழியாக. அங்கே புரூட்டஸைத் தூண்டிவிடும் அந்தச் சீட்டுகள் மற்றவர்களே எழுதிப் போட்டவை. நாடகத்தில்தான் அது மோசடி. கடிதத்தில் ஒரு வரி பாதியில் நிற்கும்: ‘ரோம் இனியும்...’ என்று. மிச்சத்தை யார் நிரப்புவது? புரூட்டஸே நிரப்பிக்கொள்கிறான், ஒரே ஆளுக்கு ரோம் அடங்கிக் கிடக்கலாமா என்று. இந்த இடத்தில் காகிதம் சரசரக்கும் சத்தம் மட்டும்தான், இசை இல்லை. டாக்டர் தானே வாக்கியத்தை முடித்துவிட்டால், ஆர்டர் கைக்கு வந்த மாதிரி என்று எங்கள் பழைய மேனேஜர் சொல்வார். புரூட்டஸ் நண்பனைக் கொல்லத் துணிந்தது இந்த அரை வரியில்தான் என்று நான் நினைக்கிறேன்.

சீசருக்கும் இதே கதிதான். மனைவி கல்பூர்னியா கனவில் அவன் சிலையிலிருந்து ரத்தம் பீறிடுகிறது, வீட்டிலேயே இருங்கள் என்கிறாள். சதிகாரர்களில் ஒருவனான டீசியஸ் வந்து, அது ரோம் உங்களிடமிருந்து உயிர் பெறுவதைக் காட்டும் நல்ல சகுனம் என்று திருப்பிப் போட்டு, இன்று கிரீடம் தரப்போகிறார்கள் என்ற ஆசையையும் காட்டி அழைத்துப் போகிறான். ஒலி நாடகத்தில் இந்தக் காட்சி கொஞ்சம் அவசரமாக ஓடுகிறது.

சரி, எல்லோரும் எதிர்பார்க்கும் அந்த இரண்டு பேச்சுகளுக்கு வருவோம், கொலைக்குப் பிறகு புரூட்டஸும் ஆண்டனியும் மக்கள் முன்னால் பேசுவது.

புரூட்டஸ் பேசுவது உரைநடை. எடை போட்டு அடுக்கிய வாக்கியங்கள். சீசரைக் குறைவாக நேசித்ததால் அல்ல, ரோமை அதிகமாக நேசித்ததால் என்ற மாதிரி. கூட்டம் உடனே கைதட்டி, இவனையே சீசராக்கு என்று கத்துகிறது. சீசராக ஒருவன் வந்துவிடக் கூடாது என்றுதானே கொலையே! நடிகர் அங்கே ஒரு நொடி திகைத்து நிற்பது காதில் விழுகிறது. அதற்கு மேல் புரூட்டஸ் செய்கிற வேலைதான் தாங்கவில்லை. எல்லோரும் இருந்து ஆண்டனி பேசுவதைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தனியாக வீட்டுக்குக் கிளம்புகிறான். போட்டிக் கம்பெனி ரெப்பை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் சொல்வதையும் கேளுங்க சார் என்று பையைத் தூக்கிக்கொண்டு போகிறவனை வேலையில் வைத்திருப்பார்களா? காசியஸ் முன்கூட்டியே வேண்டாம் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

ஆண்டனி பேசுவது செய்யுளில். புரூட்டஸ் கண்ணியமானவன் என்கிறான். அந்தக் ‘கண்ணியம்’ என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து எத்தனை முறை வருகிறது என்று இரண்டாம் முறை கேட்கும்போது விரல் விட்டு எண்ணினேன்: பத்து. முதல் இரண்டு முறை நடிகர் மரியாதையாகவே சொல்கிறார். நாலாவதில் ‘ணி’க்கும் ‘ய’வுக்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிறார் பாருங்கள் (ஆங்கிலத்தில்தான், நான் நம் எழுத்தில் சொல்கிறேன்), அவ்வளவுதான், வார்த்தை புளித்துவிட்டது. கடைசியில் கூட்டத்தில் ஒருவன், ‘துரோகிகள்! இவர்களா கண்ணியமானவர்கள்!’ என்று கத்துகிறான். ஆண்டனி துரோகி என்ற சொல்லைக் கையில் எடுப்பதற்கு முன்பே கூட்டம் சொல்லிவிட்டது.

அடுத்து சீசரின் உயில். எடுத்துக் காட்டுகிறான், படிக்க மாட்டேன் என்கிறான், படித்தால் உங்களுக்கு வெறி பிடிக்கும் என்கிறான். சாம்பிளைக் காட்டி மறுபடி பைக்குள் வைக்கிற வித்தை! தோல்சுருள் மடங்கும் சத்தத்தைக்கூட விடாமல் பிடித்திருக்கிறார்கள். பிறகு மேடையிலிருந்து இறங்கி, சீசரின் அங்கியைத் தூக்கி, இது காசியஸின் கத்தி, இது காஸ்கா, இது புரூட்டஸ் என்று ஓட்டை ஓட்டையாகக் காட்டுகிறான். கொலை நடந்தபோது ஆண்டனி அங்கே இல்லை. இன்னொரு சதிகாரன் ட்ரெபோனியஸ் அவனை முன்பே வெளியே அழைத்துப் போய்விட்டான். நெர்வி இனத்தாரை வென்ற நாளில் சீசர் இதை முதலில் அணிந்தார், எனக்கு நினைவிருக்கிறது என்பதும் கப்சாதான். அந்தப் போர் கி.மு. 57இல், வரலாற்றில் ஆண்டனி அப்போது சீசரின் படையிலேயே கிடையாது.

கூட்டம் வெறி பிடித்து, வீடுகளைக் கொளுத்த ஓடுகிறது. உயிலை மறந்தேவிட்டது! ஆண்டனிதான் திரும்பக் கூப்பிட்டு நினைவுபடுத்துகிறான். தூரத்தில் தேய்ந்துபோன காலடிகள் மறுபடி நெருங்கி வரும் அந்தப் பத்து நொடிக்காகவே இதை வாங்கலாம். உயிலில் இருப்பது இதுதான்: ஆளுக்கு 75 டிராக்மா வெள்ளிக்காசு, டைபர் பக்கத்துத் தோட்டங்கள் மக்களுக்கு.

இப்போது கோளாறு. கூட்டம் ஓடியதும் ஆண்டனி, இனி அது தன் வேலையைப் பார்க்கட்டும் என்று முணுமுணுக்கிறான். இசை எழும்புகிறது. அடங்கினால், நேராகக் கூடாரத்தில் புரூட்டஸும் காசியஸும் சண்டை போடுகிறார்கள். நடுவில் இரண்டு காட்சிகளைக் காணோம்.

ஒன்று, கவிஞன் சின்னாவைக் கூட்டம் அடித்துக் கொல்வது. சதிகாரன் சின்னா நானில்லை என்று அவன் கதறினாலும், மோசமான கவிதை எழுதியதற்காகவாவது கொல்லுங்கள் என்கிறார்கள். அது போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று நான்காம் அங்கத்தின் முதல் காட்சி. ஆண்டனியும், சீசர் இறந்த பின் அவனோடு கூட்டுச் சேர்ந்த ஆக்டேவியஸும் லெபிடஸும் உட்கார்ந்து யார் யாரைக் கொல்வது என்று பட்டியல் போடுகிறார்கள். சொந்த அக்கா தங்கை மகன் பெயரையே ஆண்டனி ஒரு புள்ளி வைத்து முடித்துவிடுகிறான். பிறகு லெபிடஸிடம், சீசர் வீட்டுக்குப் போய் அந்த உயிலை எடுத்து வா, அதில் கொடுக்க வேண்டியதில் கொஞ்சம் எப்படிக் குறைக்கலாம் என்று பார்ப்போம் என்கிறான். ஆமாம், அதே உயில். கூட்டத்துக்குப் படித்துக் காட்டிய அதே உயில்.

இதை வெட்டினால் ஆண்டனி நண்பனுக்காகப் பழிவாங்கிய நல்லவனாக நின்றுவிடுகிறான். இரண்டு முறை நானும் அப்படித்தான் கேட்டு முடித்தேன், கண்ணில் தண்ணீரோடு. பிறகு மூல நாடகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டபோதுதான், ஏமாந்த கூட்டத்தில் நானும் ஒருவன் என்று தெரிந்தது.

‘சுருக்கிய வடிவம்’ என்று போட்டிருக்கிறார்களாம். எங்கே? விவரக் குறிப்பின் கடைசி வரியில், மற்றதைவிடச் சின்ன எழுத்தில். எழுதிக் கேட்டேன். வேகம் தொய்யாமல் இருக்கச் சில பகுதிகளைக் குறைத்தோம் என்று பணிவாகப் பதில் வந்தது. அந்தக் காட்சி மொத்தமே ஐம்பது வரி சொச்சம். மூன்று நிமிஷம் தாண்டாது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றுமே நடிகர்களுக்கு. பேச்சுகளை மட்டும் கேட்க வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மூன்றாம் அங்கம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, அந்தக் காட்சியை எங்காவது தேடிப் படித்துவிட்டுத் தொடருங்கள். உயிலை எடுக்க லெபிடஸ் வாசல் தாண்டிய அடுத்த வரியிலேயே, இவன் ஏவல் வேலைக்குத்தான் லாயக்கு என்று ஆண்டனி ஆரம்பித்துவிடுகிறான். தங்கம் சுமக்கிற கழுதையாம் அவன்.