வயிற்றைக் காயப்போடுவதா, கோப்பையை மாற்றுவதா?

"நிறையைக் குறையுங்கோ அம்மா" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியதும், வன்னியில் எங்கள் சனம் முதலில் எடுக்கும் வழி வயிற்றைக் காயப்போடுவதுதான். காலையில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும், மத்தியானம் ஒரு அகப்பைச் சோறு, இரவில் சோற்றை விட்டுப் பாண். இன்னொரு வழியும் உண்டு: கோப்பை நிறையவே சாப்பிட்டு, கோப்பைக்குள் இருப்பதை மாற்றுவது. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. 2009 இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்திடம், மருந்தென்று சொல்லி மறுபடியும் பட்டினி கிடக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

காயப்போடும் வழி தொடக்கத்தில் ஆசை காட்டும். முதல் கிழமையிலேயே தராசு முள் இறங்கும். இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்துக் கரையும்போது, அதன் ஒவ்வொரு கிராமோடும் சேர்ந்திருந்த ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் போய்விடுகிறது. பிறகு முள் நின்றுவிடும். பசி மட்டும் நிற்காது.

ஏன் நிற்கிறது? 1945 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை 24 கிழமைகள் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. நிறை குறைந்தது உண்மை, கால்வாசி போனது. ஆனால் சும்மா இருக்கும்போது உடல் எரிக்கும் சக்தியும் 40 சதவீதமளவு சுருங்கியது. குளிர் தாங்கவில்லை, சோர்வு, நினைப்பெல்லாம் சாப்பாடு. வரவு குறைந்ததும் உடலும் தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் நிறை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் கலந்துகொண்ட 14 பேரை 6 வருடங்களுக்குப் பின் ஆராய்ந்து, 2016 இல் வெளியிட்டார்கள். அவர்களின் உடல் எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. இழந்த நிறையில் பெரும்பகுதியும் திரும்பி வந்திருந்தது.

ஆனால் எங்கள் வீடுகளில் இதைவிடப் பெரிய காரணம் கணக்கில் வராத சாப்பாடு என்றே நினைக்கிறேன். நியூயோர்க்கில் நடந்த ஓர் ஆய்வு 1992 இல் வெளிவந்தது. "1,200 கலோரியும் சாப்பிடுவதில்லை, நிறை குறையவில்லை" என்றவர்களை அளந்து பார்த்தபோது, உடலின் எரிப்பு வழமையாகவே இருந்தது. சாப்பிட்டதில் பாதிக்குக் கிட்ட அவர்கள் சொன்ன கணக்கில் இல்லை. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லக்கூடாது. பசியோடு அடுப்படியில் நிற்பவர் ருசி பார்ப்பதையும், பிள்ளை மிச்சம் விட்ட றோல்ஸையும் யார் எழுதி வைப்பார்? இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி நாளுக்கு ஐந்து தடவை என்றால், அதுவே 160 கலோரியளவு.

பாண் விடயம் தனியாகச் சொல்லவேண்டும். சோற்றை விட்டுப் பாண் சாப்பிட்டால் மெலியலாம் என்பது இங்கே வேரூன்றிய நம்பிக்கை. 100 கிராம் சோற்றில் 130 கலோரியளவு. அதே நிறைப் பாணில் 260க்கு மேல். கிறீம் கிறாக்கரில் 400ஐயும் தாண்டும். குரக்கன் பிட்டும் தப்பவில்லை: குரக்கன் நல்லதுதான், ஆனால் 100 கிராம் தேங்காய்ப்பூ 350 கலோரியைக் கொண்டுவரும்.

மாற்றிய கோப்பைக்கு ஓட்ஸ் வாங்கத் தேவையில்லை. பாதிக் கோப்பை முருங்கையிலை, பொன்னாங்காணி, பயற்றங்காய், பூசணி. கால்வாசி மீன், முட்டை, அல்லது அவித்த கௌபியோ பயறோ. இரணைமடுக் குளத்துத் திலாப்பியாவும் போதும். மிச்சக் கால்வாசி தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு. சொதியில் தேங்காய்ப்பால் கொஞ்சம். புரதத்தைச் செரிக்கவே அதன் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. வயிறு நிறைந்த உணர்வும் நீடிக்கும், தசையும் கரையாமல் நிற்கும். தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவருக்கும் தையல் மெசினில் நாள் முழுக்க இருப்பவருக்கும் சோற்றின் அளவு ஒன்றாக இருக்கமுடியாது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. மெதுவாகவே இறங்கும், கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினாலே நல்லது. மீன் விலை ஏறும் நாட்களில் கௌபியை நம்பவேண்டும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனியாகச் சமைப்பது நிலைக்காது, முழுக் குடும்பமும் மாறினால்தான் நடக்கும்.

கடும் கலோரிக் குறைப்புக்கும் இடமுண்டு. பிரித்தானியாவில் நடந்த டைரெக்ட் ஆய்வில், நாளுக்கு 850 கலோரியளவு திரவ உணவில் சில மாதங்கள் இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ஒரு வருடத்தில் சீனி வருத்தம் தணிந்திருந்தது. ஆனால் அது சத்து அளந்து கொடுத்து, மருந்தை மாற்றி, தொடர்ந்து கவனித்து நடத்தியது. இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற சீனி குறைக்கும் குளிசையோ எடுப்பவர் தானாகச் சாப்பாட்டை விட்டால் சீனி திடீரென இறங்கி மயங்கி விழலாம். தயவுசெய்து வைத்தியரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

தராசை மட்டும் பார்க்கவும் வேண்டாம். முதல் நாள் சாப்பிட்ட கருவாட்டின் உப்பே உடலில் தண்ணீரைப் பிடித்து முள்ளை ஏற்றிவிடும். இடுப்பளவை மாதமொருமுறை எடுங்கள். கோப்பையை மாற்றி மூன்று மாதமாகியும் இரண்டும் அசையாவிட்டால், தைரொயிட் பரிசோதனை செய்யவேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். முட்டுக்கோ (ஆஸ்துமா) மூட்டு வலிக்கோ ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.