நான்கு மருந்தா, எட்டு மருந்தா? தீவிர லிம்போமா சிகிச்சையில் ஓர் ஒப்பீடு

நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமாவின் தீவிர வகை உடலெங்கும் பரவிய பிறகும் குணமாகும் என்பதை 1975-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் வின்சென்ட் டெவிட்டாவின் குழு காட்டியது. கூட்டு மருந்து பெற்ற 27 பேரில் 10 பேர் நோய் திரும்பாமல் நெடுநாள் வாழ்ந்தனர். எண்ணிக்கை சிறிது, ஆனால் அதுவரை அந்த நோயாளிகளுக்கு இந்த நம்பிக்கைகூட இருந்ததில்லை.

அதையடுத்து நிலைபெற்ற ‘சாப்’ (CHOP) என்ற நான்கு மருந்து முறை எளிமையானது. சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் ஆகிய மூன்றும் ஒரே நாளில் ரத்தக்குழாய் வழியே ஏற்றப்படும். பிரெட்னிசோன் மாத்திரை ஐந்து நாள். 21 நாளுக்கு ஒரு சுற்று. இதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே முழுமையாகக் குணமடைந்ததால், மருந்துகளைக் கூட்டினால் பலனும் கூடும் என்று பலர் எண்ணினர். அப்படி உருவான முறைகளில், எம்-பேக்கோட், மேக்கோப்-பி ஆகியவற்றில் ஆறு மருந்துகள், புரோமேஸ்-சைட்டாபோமில் எட்டு.

மேக்கோப்-பி சிகிச்சை 12 வாரங்களில் முடிந்துவிடும். ஆனால் ஒரு வாரம்கூட ஓய்வில்லை. அதிலுள்ள மருந்துகளில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட்டை ஏற்றிய மறுநாளிலிருந்து, அதன் நச்சு நல்ல செல்களையும் அழித்துவிடாதபடி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை லியூகோவோரின் மாத்திரை விழுங்க வேண்டும். அதை விழுங்க வேண்டிய வாயோ புண்ணாகியிருக்கும். இத்தனை துன்பத்துக்கும் ஈடாகச் சொல்லப்பட்டது, தனித்தனி மருத்துவமனைகள் வெளியிட்ட உயர்ந்த வெற்றி விகிதம். அந்த எண்களைச் சாப்பின் பழைய எண்களோடு அருகருகே வைத்துப் பார்த்ததுதான் பிழை என்பது என் கருத்து. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வில், சேர்க்கப்பட்டவர்கள் சற்று இளையவர்களாகவோ உடல்வலு மிக்கவர்களாகவோ இருந்தாலே முடிவு மெருகேறிவிடும். தொடர்கண்காணிப்புக் காலம் குறுகியதாக இருந்தால், பின்னால் திரும்பும் நோய் கணக்கில் வராது.

ஆகவே அமெரிக்காவின் இரு கூட்டுறவு ஆய்வுக் குழுக்கள் நான்கு முறைகளையும் நேருக்கு நேர் நிறுத்தி, எவருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தன. 899 நோயாளிகளின் முடிவுகளை ரிச்சர்ட் ஃபிஷர் குழு 1993-இல் வெளியிட்டது. மூன்றாண்டு முடிவில் நோயின்றி இருந்தோர் சாப்பிலும் மேக்கோப்-பியிலும் 41 சதவீதம்; மற்ற இரண்டிலும் 46. இந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதல்ல. மொத்த உயிர்வாழ்விலும் முறைகளுக்கிடையே வேறுபாடு தென்படவில்லை. வேறுபட்டது மருந்தின் நச்சால் நேர்ந்த மரணம்தான்: சாப்பில் 1 சதவீதம், புரோமேஸ்-சைட்டாபோமில் 3, எம்-பேக்கோடில் 5, மேக்கோப்-பியில் 6.

பலன் சமமென்றால் குறைந்த ஆபத்துள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. அதே வேளையில், பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் அடங்காமலோ திரும்பியோ வந்த நிலையில், சாப்பை வெற்றியாளர் என்று கொண்டாடவும் மனம் வரவில்லை. அதை மிஞ்சியது இன்னொரு நச்சு மருந்தன்று. பி செல் என்ற வெள்ளையணுவின் மேற்பரப்பிலுள்ள புரதத்தைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற எதிர்ப்பான் (ஆன்டிபாடி). 60 முதல் 80 வயது வரையிலான 399 பேரிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், சாப்போடு அதைச் சேர்த்தபோது, இரண்டாண்டு உயிர்வாழ்வு 57 சதவீதத்திலிருந்து 70 ஆக உயர்ந்தது.