மணிக்கட்டு பெல்ட்: ஒரே பெல்ட்டை இரண்டு தடவை போட்ட கதை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு மெடிக்கலில் 380 ரூபாய்க்கு வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாரும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் விற்கிறார்கள்: கறுப்பு எலாஸ்டிக் துணி, உள்ளங்கைப் பக்கம் உருவி எடுக்கிற மாதிரி ஒரு அலுமினியப் பட்டை, கட்டைவிரல் நுழைய ஒரு ஓட்டை, சுற்றி ஒட்ட வெல்குரோ. இதை நான் இரண்டு தடவை போட்டேன். முதல் தடவை 12 நாள், போட்டிருக்கவே கூடாத நேரத்தில். இரண்டாவது தடவை ஒரு மாதம், டாக்டர் சொல்லி.

சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை காலை டென்னிஸ் பந்து மேட்ச். மணலில் விழுந்தால் அடிபடாது என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அலை வந்து போன மணல் சிமென்ட் தரைக்குச் சமம் என்பது, கேட்ச் பிடிக்கப் பின்னால் ஓடி வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தபோதுதான் தெரிந்தது. வீக்கம் பெரிதாக இல்லை, கை கோணவில்லை. "விரல் அசையுதுல்ல, அப்போ எலும்பு உடையல" என்று டீமில் ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள். சுத்தத் தப்பு. எலும்பில் விரிசல் விட்டிருந்தாலும் விரல் நன்றாகவே அசையும்.

வீட்டில் அம்மா எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னார், நல்லவேளை அதற்கு நான் மசியவில்லை. மெடிக்கலில் இருந்த அண்ணன் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "சுளுக்காத்தான் இருக்கும் தம்பி, இதப் போட்டுக்குங்க" என்று அட்டைப்பெட்டியை நீட்டினார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது, எக்ஸ்ரே என்றால் அரை நாள் லீவு போடணுமே.

சரி, பெல்ட் எப்படி? போட்ட பத்து நிமிடத்தில் வலி பாதியாகக் குறைந்துவிட்டது. சிக்கலே அங்கேதான். பட்டை கையை மடங்க விடாது, மடங்காவிட்டால் வலிக்காது, வலிக்காவிட்டால் ஆறிக்கொண்டிருக்கிறது என்று மனசு சொல்லிவிடும். ஆனால் வண்டியில் ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும், தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகும்போதும் கட்டைவிரலுக்கு அடியில் மட்டும் சுருக்கென்று ஒரு குத்தல், பன்னிரண்டாம் நாளும் அதே இடத்தில்.

அப்புறம்தான் எலும்பு டாக்டரிடம் போனேன். கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்கச் சொன்னார். அடியில் இரண்டு நாண்கள் எழும்பி, நடுவில் ஒரு சின்னக் குழி தெரியும், மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வைத்து உறிஞ்சுகிற குழி. அதில் விரலால் ஓர் அழுத்து அழுத்தினார், பாருங்கள், நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். எக்ஸ்ரேயில் மெல்லிய கோடு: ஸ்கேஃபாய்டு எலும்பில் விரிசல். கிரேக்க மொழியில் படகைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்த பெயராம். கடலோரத் தேவனாம்பட்டினத்துக்காரன் கைக்குள்ளேயும் ஒரு படகு!

மணிக்கட்டின் எட்டுச் சின்ன எலும்புகளில் அதிகம் உடைவது இதுதான். இதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க நுனியிலிருந்துதான் உள்ளே போகிறது, அதனால் நடுவில் உடைந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு ரத்தம் கிடைக்காமல் செத்தே போகலாம், கூடாமலும் போகலாம். பிறகு மூட்டு தேய்ந்து, ஆபரேஷன் வரைக்கும் இழுத்துவிடும். இன்னொரு வில்லங்கம், முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலே போவதுண்டு. அதனால் குழியில் வலி இருந்தால் படம் சுத்தமாக இருந்தாலும் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்பார்கள், இல்லாவிட்டால் எம்.ஆர்.ஐ. எனக்கு எட்டு வாரம் மாவுக்கட்டு. மே மாதக் கடலூரில், உள்ளே அரித்தால் சொறியவும் முடியாமல்.

எனவே விழுந்த அன்றே அந்தக் குழியை அழுத்திப் பாருங்கள், வலித்தால் பெல்ட் வாங்காதீர்கள், எக்ஸ்ரேக்குப் போங்கள். அரசு தலைமை மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. கை கோணிப்போனாலோ, விரல் மரத்தாலோ, வெளிறிச் சில்லிட்டாலோ, காயம் திறந்திருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இது எதுவும் இல்லாமல் வெறும் வலி என்றால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் வைத்து, கையை உயர்த்தி வைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் குறையவில்லையா, டாக்டர்தான். சின்னப் பிள்ளைகள் விழுந்தால் அதற்கும் காத்திருக்காதீர்கள், வளர்கிற எலும்பின் முனையில் அடிபட்டால் வெளியே தெரியாமலே போகலாம்.

மாவுக்கட்டு பிரித்தபின் கை குச்சி மாதிரி ஆகியிருந்தது, அப்போது இதே பெல்ட் தெய்வம் மாதிரி உதவியது. வேலைக்குப் போகும்போது போட்டுக்கொண்டு, வீட்டில் கழற்றிவிட்டுப் பயிற்சி செய்தேன். அந்த ஒரு மாதத்துக்கு ஐந்துக்கு நாலு. ஒரு மார்க்கைக் குறைத்தது வியர்வைக்காக, இந்த உப்புக்காற்றில் இரண்டு நாளைக்கு ஒரு தரம் துவைக்காவிட்டால் நாறும். துவைக்கும்போது பட்டையை உருவிவிட்டு வெல்குரோவை ஒட்டி வையுங்கள், ஒட்டாமல் போட்டுத்தான் என் லுங்கி ஒன்று நூல் நூலாகப் போனது. வாங்கும்போது வலது கைக்கா இடது கைக்கா என்று பெட்டியில் பாருங்கள், மணிக்கட்டின் சுற்றளவையும் டேப்பால் அளந்துகொண்டு போங்கள்.