லண்டனிலிருந்து ஒரே ஒரு நாள்: யார்க் நகரமா, பாத் நகரமா?

லண்டனுக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி இது. லண்டனைத் தவிர பழைய ஊர் ஒன்றைப் பார்க்க ஒரு நாள்தான் இருக்கிறது, யார்க் போகலாமா, பாத் போகலாமா? இரண்டுமே ரோமானியர் குடியேறிய ஊர்கள். இரண்டிலும் ரயிலை விட்டு இறங்கி நடந்தே சுற்றிவிடலாம். நான் யார்க் பக்கம் சாய்கிறவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சிலருக்கு பாத்தான் பொருந்தும் என்று நானே அனுப்பி வைத்திருக்கிறேன்.

முதலில் பயணம். பாடிங்டன் நிலையத்திலிருந்து பாத் ஊருக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க்குக்கு வேகமான ரயிலில் இரண்டு மணி நேரம். காலையில் சீக்கிரம் கிளம்ப முடியாதவர்கள் இந்த இடத்திலேயே பாத் என்று முடிவு செய்துகொள்ளலாம். யார்க்குக்கு முழு நாள் வேண்டும்.

பாத் நகரத்தின் உயிர் அங்கே பொங்கும் வெந்நீர் ஊற்று. தினமும் பதினோரு லட்சம் லிட்டருக்கு மேல், 46 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீர் மேலே வருகிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை பூமிக்குள் ஆழமாக இறங்கி, சூடேறித் திரும்பி வருகிறது. உள்ளூர் மக்கள் சூலிஸ் என்று கும்பிட்ட அந்த ஊற்றுத் தெய்வத்தை, ரோமானியர் தங்கள் மினர்வாவோடு சேர்த்து 'சூலிஸ் மினர்வா' ஆக்கிக் கோயில் கட்டினார்கள். பக்கத்திலேயே குளியல் கூடம்.

அந்த ரோமானியக் குளத்தைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சுற்றிவரும் மாடமும், அதில் நிற்கும் பேரரசர் சிலைகளும் 1890களில் வந்தவை. ரோமானியருடையது கீழே, தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது: ஈயத் தகடு பதித்த குளத்தின் அடித்தளம், தேய்ந்த படிகள், தூண்களின் அடிப்பாகம். தண்ணீர் பச்சையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அன்று மேலே கூரை இருந்தது. இன்று வெயில் நேராக விழுவதால் பாசி வளர்கிறது.

என்னை அங்கே பிடித்து நிறுத்தியது குளம் அல்ல, சின்னச் சின்ன ஈயத் தகடுகள். ஏறக்குறைய 130 கிடைத்திருக்கின்றன. எல்லாமே தெய்வத்திடம் கொடுத்த பிராது! குளிக்கப் போன நேரத்தில் துணியைத் திருடிவிட்டான், அவனைச் சும்மா விடாதே என்கிற ரகம். தோசிமேடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைப் பறிகொடுத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார். பேரரசர்களைப் பற்றி எவ்வளவு படித்தாலும் வராத நெருக்கம் இந்தக் கையுறைக்காரரிடம் வந்துவிடுகிறது.

இதற்கு எதிராக யார்க் நிறுத்துவது தன் பேராலயத்தை, யார்க் மின்ஸ்டரை. 1220 வாக்கில் தொடங்கிய இன்றைய கட்டடம் 1472-இல்தான் முடிந்தது. கிழக்குப் பெருஞ்சன்னலை ஜான் தோர்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405-இலிருந்து 1408-க்குள், மூன்றே ஆண்டுகளில் முடித்தார். ஒரு டென்னிஸ் மைதானம் அளவுள்ள கண்ணாடியில் உலகத்தின் தொடக்கமும் முடிவும் வண்ணமாக நிற்கின்றன. அவசரப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். வெளியே மேகம் விலகும்போது உள்ளே நீலமும் சிவப்பும் மாறுவது நின்று பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

மின்ஸ்டரின் நிலவறையைப் பலர் தவறவிடுகிறார்கள். 1967-இல் நடுக்கோபுரம் சரிந்துவிடும் அபாயம் தெரியவந்து, அடித்தளத்தைப் பலப்படுத்தத் தோண்டினார்கள். கீழே ரோமானியப் படைமுகாமின் சுவர்களே கிடைத்தன. கி.பி. 71-இல் அமைந்த எபோராகம் (யார்க்கின் ரோமானியப் பெயர்) அது. அந்த ஊரில்தான் 306-ஆம் ஆண்டு கான்ஸ்டன்டைனைப் படைவீரர்கள் பேரரசராக அறிவித்தார்கள். பாத் தன் ரோமானியரைத் தனி அரங்கில் வைத்துக் காட்டுகிறது. யார்க்கில் அவர்கள் தலைமேலேயே தேவாலயம் நிற்கிறது. எனக்கு யார்க் பிடிக்கக் காரணமே இந்த அடுக்குதான். ரோமானியர், அதன்மேல் 866-இல் ஊரைப் பிடித்த, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள், அதன்மேல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர், அதன்மேல் ரயில்.

வைக்கிங்குகள் விட்டுப்போனதில் ஒன்று தெருப் பெயர்கள். 'கேட்' என்று முடியும் பெயர்களைப் பார்த்து வாசலைத் தேடாதீர்கள். அவர்கள் மொழியில் அது தெரு. வாசலுக்கு யார்க்கில் 'பார்' என்று பெயர்.

அந்த வாசல்களை இணைக்கும் கோட்டை மதில் மேல் நடப்பதுதான் யார்க்கில் நான் முதலில் சொல்லும் வேலை. ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. நேரம் குறைவு என்றால் பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரை மட்டும் நடங்கள். மின்ஸ்டரின் பின்பக்கமும் அதன் தோட்டமும் அங்கிருந்துதான் அழகு. படி ஏறி இறங்க வேண்டும். சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடி இல்லை, சின்னப் பிள்ளைகள் கையை விடக்கூடாது.

பாத்தில் இதற்கு இணையான நடை, சர்க்கஸ் என்ற வட்ட வீதியிலிருந்து ராயல் கிரசன்ட் வரை போவது. 1767-இலிருந்து 1774-க்குள் இளைய ஜான் வுட் கட்டிய 30 வீடுகள், பிறைபோல வளைந்து, தேன்நிறக் கல்லில் ஒரே முகமாக நிற்கின்றன. பின்பக்கம் போனால்தான் வேடிக்கை. முகப்பு மட்டும் ஒரே மாதிரி, அதற்குப் பின்னால் அவரவர் விருப்பப்படி கட்டிக்கொண்டார்கள். மாலை வெயிலில் அந்தக் கல் பொன்னாகும். அழகை மட்டும் தராசில் வைத்தால் பாத்தான் கனக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே போக மேட்டில் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள பெற்றோருடன் போகிறீர்கள் என்றால், மதிலை விட்டுவிட்டாலும் யார்க் பெரும்பாலும் சமதரை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யார்க் தன் காயத்தை ஊர் நடுவிலேயே வைத்திருக்கிறது. கிளிஃபர்ட்ஸ் டவர் நிற்கும் மேட்டில் 1190 மார்ச்சில், கும்பலுக்குப் பயந்து மரக்கோட்டைக்குள் ஒதுங்கிய யூதர்கள் ஏறக்குறைய 150 பேர் மாண்டார்கள். பலர் தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டார்கள், நம்பி வெளியே வந்தவர்களைக் கொன்றார்கள். இன்றைய கல்கோபுரம் பிற்பாடு வந்தது. மேட்டின் அடியில் நினைவுப் பலகை இருக்கிறது. ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். பாத்தில் அந்த இருட்டு கண்ணில் படாது. ஜமைக்காவில் அடிமைகள் உழைப்பில் குவிந்த சர்க்கரைப் பணத்தின் வாரிசான வில்லியம் பெக்ஃபோர்ட் கட்டிய கோபுரம் ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கிறது. தேடிப் போனால்தான் தெரியும்.

பிள்ளைகள் கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம், யார்க். தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1938-இல் மணிக்கு 126 மைல் வேகம் போன நீராவி எஞ்சின் மல்லார்டை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம், ஜப்பானின் புல்லட் ரயில் பெட்டிக்குள் ஏறலாம். அப்புறம் யோர்விக் வைக்கிங் மையம். அகழாய்வு நடந்த இடத்திலேயே, பத்தாம் நூற்றாண்டுத் தெருவை அதன் நாற்றத்தோடு சேர்த்து அமைத்திருக்கிறார்கள்.

வானத்தைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் என் பதில் மாறும். பாத்தில் நியூ கிங் தெரு 19-ஆம் எண் வீட்டுத் தோட்டத்திலிருந்துதான், இசைக்கலைஞரான வில்லியம் ஹெர்ஷல் தானே செய்த தொலைநோக்கியால் 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டார். வீடு இப்போது அருங்காட்சியகம். சின்னத் தோட்டம்தான். ஆனால் அங்கே நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கடைத்தெரு, சாப்பாடு இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. யார்க்கின் ஷாம்பிள்ஸ் சந்து, அந்தக் காலக் கசாப்புத் தெரு, மதியத்தில் நெரிசலாகிவிடும். காலையிலேயே போய்விடுங்கள்.

மாலை நேரம் இரண்டு ஊருக்கும் வேறு வேறு. பாத்தில் ரோமானியக் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். அதே வெந்நீரில் குளிக்க தெர்மே பாத் ஸ்பாவின் மொட்டைமாடிக் குளம் இருக்கிறது, 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. இருட்டும் நேரத்தில் கழுத்தளவு சூட்டில் நின்று, பாத் அபே தேவாலயத்தின் கோபுரத்தைப் பார்க்கலாம். இரண்டு பேராகப் போகிறவர்களை நான் பாத்துக்கு அனுப்புவது இதற்காகத்தான். யார்க்கில் என்றால், மின்ஸ்டரின் மாலை வழிபாட்டுக்குப் போங்கள். வழிபாட்டுக்கு வருபவர்களிடம் டிக்கெட் கேட்பதில்லை. எந்த மதத்தவரும் உட்காரலாம். பாடகர் குழுவின் குரல் மேலே ஏறி, வளைவுகளில் சுற்றி, கொஞ்சம் தாமதமாக நம்மிடம் திரும்பி வரும். கடைசி ரயிலைக் கொஞ்சம் தள்ளியே பதிவு செய்யுங்கள்.